ஏர் பெட் வாங்கிவிட்டால் புரட்ட வேண்டாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 72. பக்கவாதம் வந்து ஒரு மாதமாகப் படுத்த படுக்கை. மூக்கில் போட்ட டியூப் வழியாகத்தான் சாப்பாடு. ஏஜென்சி மூலம் ஓர் அக்காவை அட்டெண்டராக வைத்திருக்கிறோம். வால் எலும்புக்கு மேலே தோல் கறுத்திருக்கிறது. அந்த அக்கா தினமும் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க ஏர் பெட் (காற்று நிரப்பிய மெத்தை) போட்டிருப்பதால் புரட்டத் தேவையில்லை என்கிறார் ஏஜென்சிக்காரர். சரிதானா?

பதில்: இல்லை. முதலில் அந்தத் தேய்ப்பை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை மாட்டிக்கொண்டு, அங்கே ரத்தம் ஓடாததால்தான் தோல் கறுக்கிறது. உள்ளே ஏற்கெனவே நைந்த சதையைத் தேய்த்தால் இன்னும் நையும். காய்ந்த கை கால்களுக்கு மெதுவாக எண்ணெய் தடவலாம், தவறில்லை.

கறுத்த இடத்தை விரலால் சில வினாடி அழுத்தி எடுங்கள். நிறம் வெளுத்துத் திரும்பினால் பயம் குறைவு. வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். நம் மாநிறத்தில் இது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா? தோல் கிழியாத முதல் கட்டத்தில், அழுத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அழுத்தத்தை எடுப்பது அந்த அக்காவின் கையில்தான் இருக்கிறது. டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார். முதுகையும் குதிகாலையும் தினமும் பார்ப்பவர் அந்த அக்கா ஒருவர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம் என்று மாற்றிப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். கறுப்பு மறையும்வரை மல்லாக்கப் படுக்கும் நேரத்தை முடிந்தவரை குறையுங்கள். முழுசாக ஒருக்களித்தால் இடுப்பெலும்பில் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. தூக்கும்போது இடுப்புக்குக் கீழே விரித்த பெட்ஷீட்டோடு இரண்டு பேராகத் தூக்குங்கள். இழுத்தால் தோல் உரியும். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

ஏர் பெட் உதவிதான், புரட்டுவதற்கு மாற்று அல்ல. அதன்மேல் ரப்பர் ஷீட்டும் இரண்டு போர்வையும் மடித்துப் போட்டால் வாங்கிய பணம் வீண். ஒரே ஒரு மெல்லிய பெட்ஷீட் போதும். நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையத்தை விற்க வருவார்கள், வாங்காதீர்கள். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தையும் சேர்த்து நெரிக்கும்.

டியூப் உணவு இருப்பதால் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரணமாகத் தலைப்பக்கத்தை அதிகம் உயர்த்தாதீர்கள் என்போம், உடம்பு கீழே சறுக்கி வால் எலும்புத் தோல் உரசும் என்பதால். ஆனால் டியூபில் உணவு கொடுக்கும்போதும், கொடுத்து முடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும், தலை உயரமாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். ஆகவே வேலையின் வரிசையை மாற்றுங்கள்: முதலில் டயப்பர், அடுத்து புரட்டல், கடைசியில் உணவு. தலையை உயர்த்தும் முன் முழங்காலுக்கடியில் தலையணை வையுங்கள், சறுக்காது. தலை உயரமாக இருக்கும்போதும் ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வைக்கலாம். நேரம் முடிந்ததும் தலைப்பக்கத்தை இறக்க மறக்காதீர்கள். பல வீடுகளில் புண் வருவது இந்த மறதியால்தான்.

அப்புறம் அந்த ஏஜென்சி. 'நர்ஸ்' என்று சொல்லி அனுப்பினார்களா? அப்படியானால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள். பயிற்சியே தராமல், வாங்கும் பணத்தில் கணிசமாகப் பிடித்துக்கொண்டு, ஒரே ஆளை 24 மணி நேர டூட்டிக்கு அனுப்புகிறார்கள். அவரும் மனுஷிதானே, ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி எழுந்து புரட்டுவார்? புண் வந்தால் பழி மட்டும் அவர்மேல். ராத்திரி முறையை வீட்டார் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது இன்னோர் ஆளை வையுங்கள். புரட்டிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிகள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் பத்து மாத்திரை எழுதுகிறார்கள், எப்படிப் புரட்டுவது என்று கட்டிலருகே பத்து நிமிடம் காட்டித்தர ஆளில்லை.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்சும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வரும் நர்சிடம் அந்த அக்காவை வைத்துக்கொண்டே புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குள் தோல் கிழிந்தாலோ, கொப்புளம், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள், ஸ்பிரிட்டோ பவுடரோ போடாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.