லீசிங் வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிரிப்பில் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் இலங்கைக் கடன் தகவல் பணியகம், CRIB) என்ன ஆகும்?

தவணை கட்ட முடியாமல் வாகனத்தை நாமே லீசிங் கம்பனியிடம் கொண்டுபோய் விடுவதுதான் ஒப்படைப்பு. சாவி கைமாறினாலும் கடன் முடியாது. கம்பனி வாகனத்தை விற்று, வந்த காசை நிலுவையில் கழிக்கும். உதாரணமாக, 9 இலட்சம் நிலுவையுள்ள முச்சக்கர வண்டி 6.5 இலட்சத்துக்குப் போய், வண்டியை நிறுத்திவைத்த யார்ட் வாடகை, ஏலச் செலவு என்று 30,000 ஏறினால், 2.8 இலட்சம் இன்னும் உங்கள் தலையில்தான். கடைக் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்கிய அரிசி மூட்டையைப் பாதியில் திருப்பிக் கொடுத்த மாதிரி: முதலாளி மிஞ்சிய அரிசிக்குத்தான் கழிப்பார், அதுவும் அவர் சொல்லும் விலைக்கு.

அந்த மீதியும் தவறிய தவணைகளும் கிரிப் அறிக்கையில் நிற்கும். அடுத்த கடனுக்குப் போனால் வங்கி புரட்டுவது அதைத்தான். சாவி கொடுக்கும்போதே மீற்றர், டயர், கீறல் எல்லாம் எழுதி ஒப்பம் வாங்குங்கள். மீதியைத் தீர்த்ததும் தீர்த்த கடிதம் கேளுங்கள்.

'நானாகவே கொடுத்தால் கிரிப்பில் விழாது' என்பார்கள். அப்படியில்லை, உங்களுக்கு மிச்சப்படுவது கம்பனி வண்டியைத் தூக்க வரும் செலவு மட்டும்தான்.