பொங்கலுக்கும் போகாத அம்மா

அம்மா போனில் ஓரிரு நிமிடக் குட்டி நாடகங்களாகப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மறதி நோய் வரப்போகிறதோ என்பதுதானே தங்கச்சி, உங்கள் பயம்? போனில் குட்டி நாடகம் பார்ப்பதால் அது வராது. போன் கதிர் மூளையை அரிக்கும் என்று வந்த வட்ஸ்அப் வீடியோவை அழித்துவிடுங்கள். கண்ணும் பழுதாகாது; இமைக்க மறப்பதால் உலர்ந்து எரியும், அவ்வளவுதான்.

ஆனால் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: இந்த முறை வட்டப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கும் அம்மா வரவில்லை. புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு வருடா வருடம் நேர்த்தியோடு போன 67 வயது அம்மா, "நீங்கள் போட்டு வாங்கோ" என்று கட்டிலில் சாய்ந்துவிட்டார். மாதர் சங்கக் கூட்டத்தைப் போன வருடமே விட்டுவிட்டாராம். போன் கைக்கு வந்ததோ இந்தத் தை மாதம். அப்படியென்றால் போன் எப்படிக் குற்றவாளி ஆகும்?

வீடே அதிரச் சத்தம் வைக்கிறார் என்று சண்டை பிடிக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அவர் காதில். குட்டி நாடகத்தில் பேசுகிறவரின் முகம் திரை நிறைய இருக்கும், விளங்காவிட்டால் திரும்பப் போடலாம். கோயில் வீதியில் பத்துப் பேர் கதைத்தால் எதைத் திரும்பப் போடுவது? நாலு தரம் "என்ன?" என்று கேட்டு வெட்கப்பட்டவர் ஐந்தாம் தரம் வீட்டிலேயே நின்றுவிடுவார். போதாக்குறைக்கு, 2009 இல் போரின் செல்லடிக்குள் இருந்து வந்த காதுகள் அவை.

மறதி நோயின் தவிர்க்கக்கூடிய 14 ஆபத்துகளை 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு பட்டியலிட்டது. செவிக்குறை அதில் இருக்கிறது, தனிமை இருக்கிறது. நாடகம் இல்லை.

அம்மாவின் பின்னால் நின்று, வழக்கமான குரலில் "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். திரும்பவில்லையென்றால் இந்த வாரமே காதைக் காட்டுங்கள். காதை அடைத்த வெறும் குரும்பியாகவும் இருக்கலாம். அதற்காக நீங்களே எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். காது நன்றாகக் கேட்டும் வெளியே போக மனமில்லை, சாப்பாடும் குறைகிறது, விடியப்புறம் மூன்று மணிக்கே விழித்துக் கிடக்கிறார் என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

அப்புறம், பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்த அந்த நித்திரைக் குளிசை. யார் எழுதித் தந்தது? அதைப் போட்டுவிட்டு இரவில் வளவுக்குள் இருக்கும் கக்கூசுக்கு எழும்பிப் போனால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லி, எப்படி நிறுத்துவது என்று அதே டாக்டரிடம் கேளுங்கள்.

போகும்போது கிளினிக் கொப்பியோடு போனையும் கொண்டு போங்கள். அம்மா எவ்வளவு சத்தத்தில் கேட்கிறார் என்று டாக்டரும் பார்க்கட்டும்.