அல்கார்வில் ஒரு வாரம்: கிழக்குப் பக்கம் தங்குங்கள், செப்டம்பரில் போங்கள்

நீச்சல் தெரியாத இரண்டு பிள்ளைகளோடு ஐரோப்பாவின் தென்கோடியில், வெயில் நிச்சயமாக அடிக்கும் ஒரு கடற்கரையில் ஒரு வாரம் தங்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். போர்த்துகலின் தெற்குக் கரையான அல்கார்வ்தான் என் பதில். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மணி நேரம் வெயில் அடிக்கும் இடம் அது. ஆனால் அல்கார்வில் எந்தப் பக்கம் தங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது புரிய எனக்கு இரண்டு பயணங்கள் ஆயின.

முதல் முறை ஜூலையில் மேற்கே லாகோஸ் ஊரில் தங்கினோம். படங்களில் எல்லோரும் பார்த்து மயங்குகிற தேன் நிறப் பாறைகளும், கடலுக்குள் நிற்கும் வளைவுகளும் அங்கேதான். பொந்தா தா பியதாதே முனையில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் மகள் ஆசையாக ஓடிப்போய்த் தண்ணீரில் கால் வைத்தாள், வைத்த வேகத்தில் அலறிக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். அதன் பிறகு மூன்று நாளும் மணலில்தான் விளையாடினாள். கோடையில் போர்த்துகலின் மேற்குக் கரையோரம் வாடைக் காற்று விடாமல் வீசும். அது மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். லாகோசிலிருந்து மேற்கே சாக்ரஸ் முனை வரை இந்தக் குளிர் தெரியும். கிழக்கே போகப் போகத் தண்ணீரின் குளிர் குறையும். செப்டம்பரில் 22 டிகிரி வரை வரும்.

மேற்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். நடுப்பகலில் பாறையடியில் நிழல் விழும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த நிழலில் துண்டை விரிக்கத்தான் தோன்றும். நாங்களும் விரித்தோம். கடற்கரைக் காவலர் ஊதல் ஊதி, கையை வீசி எங்களை எழுப்பினார். அந்தப் பாறைகள் உதிரும் பாறைகள். 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா அருகே மரியா லுயீசா கடற்கரையில் பாறை சரிந்து 5 பேர் இறந்தார்கள். எச்சரிக்கைப் பலகைகள் அங்கங்கே நட்டிருக்கிறார்கள். பாறையை விட்டு நன்றாகத் தள்ளியே உட்காருங்கள், குடையை வாடகைக்கு எடுங்கள். இது அட்லாண்டிக் என்பதால் ஏற்றவற்றமும் பெரிது. காலையில் அகலமாகக் கிடந்த மணல் மாலையில் பாறை வரை மூழ்கிப் போகிற கடற்கரைகள் அங்கே உண்டு.

இரண்டாம் முறை கிழக்கே தவீராவில் தங்கினோம், அம்மாவும் வந்திருந்தார். ஊருக்கும் கடலுக்கும் நடுவே ரியா ஃபொர்மோசா என்னும் உப்பங்கழி. அதற்கு அப்பால் நீளமான மணல் தீவுகள். படகில் ஏறித்தான் கடற்கரைக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்கு அதுவே பாதி விளையாட்டு. தீவில் பாறை கிடையாது, கண்ணுக்கு எட்டும் வரை மணல். அதே தீவில் 'பாரில்' என்னும் கடற்கரைக்குப் போக ஒரு குட்டி ரயிலும் ஓடுகிறது. அங்கே மணல்மேட்டில் துருப்பிடித்த நங்கூரங்கள் வரிசை வரிசையாகப் புதைந்து நிற்கும். சூரை மீன் பிடித்த காலத்தில் வலைகளைக் கடலடியில் பிடித்து வைத்திருந்த நங்கூரங்கள் அவை. மீன் வரத்து நின்று தொழிலும் போன பிறகு அப்படியே நட்டுவிட்டார்கள்.

பக்கத்திலேயே சாந்தா லுசியா என்ற மீனவர் ஊர். துறையில் ஒரு மண்பானையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நம் தயிர்ச்சட்டி அளவு, கழுத்தில் கயிறு, உள்ளே சிப்பிகள் ஒட்டிச் சொரசொரவென்று இருந்தது. இப்படிப்பட்ட பானைகளைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்குவார்கள். இரை எதுவும் வைப்பதில்லை. ஒளிய இடம் தேடும் ஆக்டோபஸ், பேய்க்கணவாய் என்கிறோமே அது, தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அன்று மதியம் அதைச் சுட்டு, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தந்தார்கள்; அவ்வளவு மெத்தென்று நான் எங்கும் சாப்பிட்டதில்லை.

வீட்டுக்காரப் பெண்மணி முதல் நாள் சாவியை நீட்டி "ஷாவ்" என்றார். அம்மா சட்டென்று நிமிர்ந்து, "சாவியா?" என்றார். பிறகு அந்தப் பெண்மணி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்: ஜனெலா, மேசா, அர்மாரியு. ஜன்னல், மேசை, அலமாரி என்று அம்மா பதில் சொல்லச் சொல்ல இருவருக்கும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மொழி தெரியாத ஊரில் அம்மாவுக்கு இருந்த தயக்கம் அந்தப் பத்து நிமிடத்தில் போயிற்று.

செப்டம்பர் ஏன் என்றால், கோடை முழுக்க வெயில் குடித்த கடல் அப்போதுதான் நன்றாகச் சூடேறியிருக்கும், ஆகஸ்ட் கூட்டமும் வாடகையும் இறங்கியிருக்கும். பள்ளி இடம் கொடுக்காவிட்டால் ஜூன் கடைசியைப் பாருங்கள். தண்ணீர் சற்றுக் குளிரும், ஆனால் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும்.

விமானம் ஃபாரோவில் இறங்கும். ஊருக்குள் பஸ் பிடித்து, அங்கிருந்து தவீராவுக்கு ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்; கார் இல்லாமலே ஒரு வாரம் ஓட்டிவிட்டோம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். உணவகத்தில் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கடற்கரையில் மஞ்சள் கொடி பறந்தால் நீந்தக் கூடாது, சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. காவலர் இருக்கும் பகுதியிலேயே பிள்ளைகளை விடுங்கள். உப்பங்கழி குளம்போல அமைதியாகத் தெரிந்தாலும் வாய்க்கால்களில் வற்றத்தின்போது இழுப்பு பலமாக இருக்கும், அங்கே இறக்காதீர்கள்.

தீவுக்குப் போகும்போது துறையில் எழுதியிருக்கும் கடைசிப் படகின் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் அது மாறும்.