புது பெட்டி வாங்கும் முன் ஒரு மணி நேரம்

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் ஏற்றுமதி அலுவலகம் எங்களுடையது. 12 ஐபி போன், ஒரு ஐபி பிபிஎக்ஸ் (போன்களையும் வெளி லைன்களையும் இணைக்கும் பெட்டி). வெளியே பேச ஒரு சிப் லைன் (இன்டர்நெட் வழியாகப் பேசும் லைன்), அது பிஸியானால் பழைய லேண்ட்லைன். சாயங்காலம் 5 மணிக்கு மேல் பையர் பேசுவது விட்டு விட்டுக் கேட்கிறது. அதே செல்போன் நம்பருக்கு ஒரு சமயம் கால் போகிறது, ஒரு சமயம் போவதில்லை. “இதில் பிரயாரிட்டி வைக்க முடியாது, புது பிபிஎக்ஸ் வாங்குங்கள்” என்கிறார் டீலர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிரயாரிட்டி என்று டீலர் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அது இரண்டு வேலை. எந்த நம்பர் எந்த லைனில் போக வேண்டும் என்பதை பிபிஎக்ஸ் பார்த்துக்கொள்ளும். பேச்சு முந்திப் போகட்டும், ஃபைல் பின்னால் வரட்டும் என்பது ரவுட்டர் பாடு.

முதலில் போகாத கால். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும். உங்கள் சிப் லைன் 0 இல்லாமலே ஏற்கிறது போலிருக்கிறது. அது பிஸியாகி கால் லேண்ட்லைனுக்குத் தாவும்போதுதான் மாட்டுகிறது. 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும் 10 இலக்க நம்பர் லேண்ட்லைனில் போனால் 0 சேர் என்று பிபிஎக்ஸில் ஒரு விதி எழுதினால் போதும்.

விதிகளைப் பெரும்பாலான பிபிஎக்ஸ் மேலிருந்து கீழாகத்தான் படிக்கும். முதலில் பொருந்துவதைப் பிடித்துக்கொள்ளும். ‘எந்த நம்பரானாலும்’ என்ற விதி உச்சியில் உட்கார்ந்திருந்தால் கீழே எழுதியதெல்லாம் வீண். அதை அடியில் தள்ளுங்கள். உச்சியில் 112, 108 இருக்கட்டும், லேண்ட்லைன் வழியாக. வெளியே பேச 9 அழுத்தும் வழக்கம் இருந்தால், 9 இல்லாமலும் இவை போக வேண்டும். பதற்றத்தில் யாருக்கும் 9 ஞாபகம் வராது. லேண்ட்லைன் ஃபைபரில் வருகிறதென்றால் மோடமும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் அதுவும் போய்விடும்.

அடுத்து, 5 மணி விவகாரம். அந்த நேரத்தில்தான் யாரோ டிசைன் ஃபைல்களை அனுப்புகிறார் என்று நினைக்கிறேன். பேச்சை டேட்டாவாக்கும் ஜி.711 முறையில் ஒரு காலுக்கு ஒரு பக்கம் சுமார் 87 கேபிபிஎஸ்தான் வேண்டும். ஆறு பேர் சேர்ந்து பேசினாலும் அரை எம்பிபிஎஸ் சொச்சம். ஆகவே இன்டர்நெட் பிளானைக் கூட்டுவதும் வெட்டிச் செலவு. அப்லோட் முட்டும்போது பேச்சும் ஃபைலோடு ஒரே க்யூவில் நிற்பதுதான் பிரச்சினை. ஐபி போன்கள் பேச்சுப் பாக்கெட்டில் (பேச்சை ஏற்றிச் செல்லும் டேட்டாத் துண்டில்) ‘இது முந்திப் போகட்டும்’ என்று சொல்ல வழக்கமாக 46 என்ற டிஎஸ்சிபி அடையாளம் போடும். அதை மதிக்கும்படி ரவுட்டரில் க்யூஓஎஸ் (எது முந்திப் போக வேண்டும் என்று சொல்லும் செட்டிங்) போடுங்கள். கூடவே, அப்லோட் வேகத்தை லைனின் நிஜ வேகத்தில் 90 சதவீதமாகக் கட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டாவிட்டால் க்யூ, இன்டர்நெட் கம்பெனிக்காரர் மோடத்தில் சேரும். அங்கே உங்கள் 46 செல்லாது.

ரவுட்டரில் க்யூஓஎஸ்ஸே இல்லையென்றால் ரவுட்டரை மட்டும் மாற்றுங்கள். அப்புறம், பிபிஎக்ஸின் அட்மின் பாஸ்வேர்டு டீலரிடம் மட்டும் இருக்கிறதா? இன்றே கேட்டு வாங்குங்கள்.