போனஸ் 40,000: ரயில் செட்டா, கார்டு பாக்கியா?

கேள்வி: கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். எனக்கும் என் 9 வயது மகனுக்கும் ரயில் பைத்தியம். மாடல் ரயில் ஸ்டார்ட்டர் செட் ஒன்று வாங்க ஆசை. ஆன்லைனில் ஒரு டிஜிட்டல் செட் 38,000 ரூபாய், 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ-யில் கிடைக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் வருகிறார், அவரிடம் பாக்மன் (மாடல் ரயில் கம்பெனி) செட் ஒன்று சொல்லிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். போனஸ் 40,000 வந்திருக்கிறது, கிரெடிட் கார்டில் 14,000 பாக்கி நிற்கிறது. பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போகும் என்கிறார்களே, முதலீடாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். முதலீடெல்லாம் இல்லை. ஸ்டார்ட்டர் செட் ஆயிரக்கணக்கில் தயாராகி வருவது, பெட்டியைப் பிரித்து பையன் ஓட்டின அன்றைக்கே அது பழைய சாமான். விளையாட்டுச் செலவு என்றே எழுதிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது அந்த 14,000. மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால்கூட மாதம் 490 ரூபாய் வட்டிக்கே போகிறது. போனஸிலிருந்து அதை இன்றைக்கே கட்டிவிடுங்கள். மிச்சம் 26,000, ரயிலுக்கான மொத்தப் பணம் அவ்வளவுதான். நோ காஸ்ட் இஎம்ஐ என்பதிலும் வட்டி மேல் 18% ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் எல்லாம் ஸ்டேட்மென்டில் தனியாக வந்து உட்காரும், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும்.

இங்கே ஏன் இவ்வளவு விலை என்றால், பொம்மைக்கான அடிப்படை சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. மாடல் ரயிலும் அதே தலைப்பில்தான் வருகிறது. மச்சான் தன் லக்கேஜில், சலுகை வரம்புக்குள் கொண்டுவந்தால் அந்தச் சுமை இல்லை. அதனால் மச்சான் வழிதான் சரி, ஆனால் செட்டுக்கு 18,000-க்கு மேல் போகாதீர்கள். மீதி 8,000 எதற்கு என்று கேட்பீர்கள். செட் என்பது முதல் தவணை மாதிரி, வாங்கின மூன்றாம் வாரமே பையன் பாதை பிரிய ஒரு பாயின்ட் கேட்பான், இன்னும் இரண்டு பெட்டி கேட்பான், அப்புறம் பலகை.

பலகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எச்.ஓ. என்கிற அளவில் (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு, 1:87) பாக்மன் செட்டில் வழக்கமாக வரும் ஓவல் 56-க்கு 38 அங்குலம். தரையில் போட்டால் தலைமுடியும் கோலப்பொடியும் இன்ஜின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், இரண்டு மாதத்தில் அது முனகிக்கொண்டே நிற்கும். 8-க்கு 4 ப்ளைவுட்டில் 6 அடி வெட்டி, கீழே சட்டம் அடித்து, கட்டிலுக்கடியில் தள்ளிவைக்கிற மாதிரி தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். இடமே இல்லையென்றால் இன்னும் சின்னதாக ‘N’ ஸ்கேல் (1:160) இருக்கிறது, தண்டவாள இடைவெளி 9 மி.மீ. தான், பாதி இடம் போதும். ஆனால் கவிழ்ந்த பெட்டியை 9 வயதுக் கை திரும்ப ஏற்றிவைப்பது சிரமம், நான் எச்.ஓ.வுக்கே ஓட்டுப் போடுவேன்.

டிஜிட்டல் இப்போது வேண்டாம். ஒரே பாதையில் இரண்டு இன்ஜினைத் தனித்தனியாக ஓட்டத்தான் அது பெரிதும் பயன்படும், உங்களிடம் இருக்கப்போவதோ ஒன்று. இன்ஜின் ‘டிசிசி ரெடி’யாக (டிஜிட்டலுக்கு மாற்றத் தயாராக) இருந்தால் போதும், டிஜிட்டல் ஆணையை வாங்கி இன்ஜினை ஓட்டும் டிகோடர் சில்லைப் பிறகு செருகிக்கொள்ளலாம். மெர்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனியின் எச்.ஓ. பக்கம் ஆசைப்பட்டுப் போகாதீர்கள், தரம் பிரமாதம்தான், ஆனால் நடுவில் மின் புள்ளிகள் வைத்த தனி வகைப் பாதை, மற்ற கம்பெனி இன்ஜின் அதில் அப்படியே ஓடாது. அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒரே கடைக்குத்தான் கப்பம்.

மச்சானிடம் தண்டவாளத்தின் அடித்தள நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாக்மன் செட்டோடு வரும் ஈ-இசட் டிராக் தண்டவாளத்தில் கறுப்பு என்றால் எஃகு, சாம்பல் என்றால் நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகம். நம் ஊர் மழைக்காலத்துக்கு எஃகு துருப்பிடிக்கும், கூடக் கொஞ்சம் கொடுத்தாவது சாம்பலையே வாங்குங்கள்.

கடைசியாக அடாப்டர். அமெரிக்க செட்டில் வருவது பெரும்பாலும் 120 வோல்ட். நண்பர் ஒருவர் அப்படியே நம் 230-ல் செருகிவிட்டார், ஒரு ‘டப்’, கருகின வாடை, பையன் அழுகை. லேபிளில் இன்புட் 100-240 என்று இருந்தால் பின் மாற்றும் பிளக் போதும். 120 மட்டும் என்றால் 110 வோல்ட்டுக்கு இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், எலெக்ட்ரிக்கல் கடையில் கேளுங்கள், அந்தக் காசும் மேலே சொன்ன 8,000-க்குள்தான். மச்சான் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த லேபிளைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.