தேதி தாண்டிய பாக்கெட்: எறிவதா, வைத்துக்கொள்வதா?

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், "எத்தனை நாள் தாண்டலாம்?" என்ற கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. நாள்கணக்கை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். பொருள் என்ன, எங்கே வைத்திருந்தீர்கள், பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்களா என்பவைதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். இனி உங்கள் கேள்விகள்.

ஐயா, சில பாக்கெட்டுகளில் 'பெஸ்ட் பிஃபோர்' என்றும் சிலவற்றில் 'எக்ஸ்பயரி', 'யூஸ் பை' என்றும் இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா? (மதுரை வாசகி)

ஒன்றல்ல அம்மா. 'பெஸ்ட் பிஃபோர்' சுவையையும் மொறுமொறுப்பையும் பற்றியது. அந்த நாள் கடந்தால் பிஸ்கட் நமத்திருக்கலாம், காப்பித்தூளின் மணம் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். 'எக்ஸ்பயரி', 'யூஸ் பை' இரண்டுக்கும் பொருள் ஒன்றே: அதற்குப் பிறகு விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020இல் கொண்டுவந்த லேபிள் விதிகள் காலாவதி தேதியைக் கட்டாயமாக்கின. 'பெஸ்ட் பிஃபோர்' போடுவது நிறுவனத்தின் விருப்பம். ஆகவே இரண்டு நாளில் கெடும் பாலுக்கும், மாதக்கணக்கில் நிற்கும் ரஸ்க்குக்கும் இன்று ஒரே முத்திரைதான். தேதி தாண்டிய பால், தயிர், பனீர், இறைச்சியில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. (கீழே பாலுக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு சொல்லியிருக்கிறேன்.) நன்றாக மூடி, ஈரம் படாமல் இருந்த ரவை, சேமியா, பருப்பு என்றால் ஒரு வாரம் தாண்டியதற்காகக் கலங்க மாட்டேன். உப்பும் சர்க்கரையும் தேதியைப் பார்த்துக் கெடுவதில்லை.

இன்னொன்று: அச்சிட்ட தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு மட்டும்தான். பிரித்த சாஸ் பாட்டிலில் '2027 வரை' என்று இருந்தால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 'பிரித்த பின் இத்தனை நாளுக்குள்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள்.

என் மாமியார் எதையும் மோந்து பார்த்தே முடிவு செய்கிறார். வாடை இல்லையென்றால் சாப்பிடலாம் என்கிறார். சரியா? (கோவை வாசகி)

பாதி சரி. ஊசிப்போன வாடை வந்தால் தேதி என்ன சொன்னாலும் எறிந்துவிடலாம், அதில் உங்கள் மாமியார் சொல்வதே சட்டம். ஆனால் உணவை நாற வைக்கும் கிருமிகள் வேறு, ஆளைப் படுக்க வைக்கும் கிருமிகள் வேறு. சால்மோனெல்லா ஏறிய உணவு நிறம், மணம், ருசி எதுவும் மாறாமல் இருக்க முடியும். லிஸ்டீரியா என்று ஒன்று உண்டு, அது ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்லப் பெருகும். வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, வயதானவர்களோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களோ இருந்தால் மூக்கை நம்பிப் பரிமாறாதீர்கள். "ஒரு வாய் வைத்துப் பார்க்கிறேன்" என்ற பழக்கமும் வேண்டாம்.

பால் பாக்கெட்டில் நேற்றைய தேதி. ஃபிரிட்ஜில்தான் இருந்தது. காய்ச்சலாமா? (தாம்பரம் வாசகர்)

பால் பாக்கெட்டின் தேதிக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: 5 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். நடப்பது என்ன? விடிவதற்கு முன்பே டப்பில் வந்து இறங்குகிறது. வாசல் கம்பியில் மாட்டிய பையில், நீங்கள் எழுந்து வரும்வரை தொங்குகிறது. சித்திரை மாதமென்றால் தேதிக்கு முன்பே திரிந்துபோவதில் வியப்பில்லை.

வந்தவுடன் உள்ளே வைத்த பாக்கெட் என்றால், முதலில் தொட்டுப் பாருங்கள். காற்றடைத்தது போல உப்பியிருந்தால் பிரிக்கவே வேண்டாம். இல்லையென்றால் இரண்டு கரண்டிப் பாலை மட்டும் சின்னப் பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் பொடிப்பொடியாகத் திரண்டால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். தானாகத் திரிந்த பாலைப் பனீராக்கும் சிக்கனம் கூடாது, எலுமிச்சை பிழிந்து நாமே திரிப்பது வேறு. திரியவில்லையா? ஒரு நாள் தாண்டியது என்றால் நன்றாகக் காய்ச்சி அன்றைய காப்பிக்கு நான் எடுத்துக்கொள்வேன். குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டாம் நாள் என்றால் எனக்கும் வேண்டாம்.

அட்டைப்பெட்டிப் பால் வேறு கதை. 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடேற்றி, கிருமி புகாமல் அடைப்பதால் மாதக்கணக்கில் வெளியிலேயே இருக்கும். வெட்டித் திறந்த நொடியிலிருந்து அதுவும் சாதாரணப் பால்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சீஸ், வெண்ணெய், உறைந்த கோழி எல்லாவற்றிலும் தேதி பாக்கி இருந்தது. வீட்டில் பெரிய சண்டை. எறிந்தது சரிதானா? (வேளச்சேரி வாசகர்)

சரிதான். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். ஃப்ரீசர் நிறையப் பொருள் இருந்தால் 48 மணி நேரம், பாதிதான் இருந்தால் 24 மணி நேரம். அதற்கு மேல் போனால் பாக்கெட்டில் உள்ள தேதிக்கு அர்த்தமில்லை. கோழியைத் தொட்டுப் பார்க்கும்போது உள்ளே பனிக்கட்டி இன்னும் கரகரவென்று இருந்தால் உடனே சமைத்திருக்கலாம். வெண்ணெயைக்கூட வைத்திருந்து உருக்கி நெய்யாக்கியிருக்கலாம், ஆனால் அதற்காக மறுபடியும் சண்டையைத் தொடங்க வேண்டாம்.

கடை இட்லி மாவு பாக்கெட் உப்பிக்கிடக்கிறது. தேதி நாளை மறுநாள்தான். (திருச்சி வாசகி)

பால் உப்பினால் பயம், மாவு உப்பினால் இயல்பு. மாவு புளிக்கும்போது உண்டாகும் காற்றுதான் அது, புளிப்பு ஏற ஏறப் பல கிருமிகளுக்கு அங்கே இடமும் இல்லாமல் போகிறது. புளித்துவிட்டால் வெங்காயம் நறுக்கிப்போட்டு ஊத்தப்பம் ஊற்றுங்கள். மேலே இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ திட்டு தெரிந்தால், வழித்து எறிந்துவிட்டு மீதியை ஊற்றுகிற வேலை வேண்டாம்.

கெட்டுப்போனதோ என்று சந்தேகம் வந்தால் நன்றாகக் கொதிக்க வைத்தால் போதாதா? கிருமி செத்துவிடுமே? (சேலம், கல்லூரி மாணவர்)

கிருமி சாகும் தம்பி, அது கக்கிவைத்த நஞ்சு சாகாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் இருக்கும். குக்கர் சூட்டையும் தாங்கும் அவை, சோற்றை மணிக்கணக்கில் வெளியே விட்டால் முளைத்து, வாந்தி வரவழைக்கும் நஞ்சை உண்டாக்கும். அதை எத்தனை முறை சூடேற்றினாலும் ஒன்றும் ஆகாது. மத்தியானம் வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தை இரவு பத்து மணிக்குச் சூடேற்றிச் சாப்பிடும் விடுதி வழக்கம் தெரிந்துதான் சொல்கிறேன். சமைத்த உணவு வெளியே இருக்கலாம் என்பது இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்.

மீனிலும் இதே கதைதான். சூரை, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். குழம்பு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பெடுத்து, மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கம்பு மாவு வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, கசக்கிறது. தேதி இன்னும் இருக்கிறது. (தருமபுரி வாசகர்)

கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்தவுடன் அந்தக் கொழுப்பை உடைக்கும் நொதி வேலையைத் தொடங்கிவிடும். அதுதான் கசப்பும் சிக்கு வாடையும். தானியமாக வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மில்லில் கொடுத்து அரையுங்கள்.

நிலக்கடலைப் பாக்கெட்டில் சில பருப்புகள் மட்டும் பூசணம் பிடித்திருக்கின்றன. பொறுக்கிவிட்டு வறுக்கலாமா? (விழுப்புரம் வாசகி)

இதில் மட்டும் நான் கண்டிப்பானவன். கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சைத் தருகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்தன. தேடிப்போனால், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கு! அங்கிருந்துதான் இந்த நஞ்சே அடையாளம் காணப்பட்டது. கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தாலும் முழுக்கப் போகாது, சட்னிக்கு அரைத்தாலும் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்பு நிறைய இருந்தால் பாக்கெட்டோடு குப்பையில் போடுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் வரும்.

ரொட்டியில் ஒரு துண்டில் மட்டும் பச்சைப் புள்ளி. (நாகர்கோவில்)

மொத்தப் பாக்கெட்டும் போகட்டும். கண்ணுக்குத் தெரியும் புள்ளிக்கு அடியில் இழைகள் ஓடியிருக்கும்.

தண்ணீரில் மிதக்கும் முட்டை கெட்டதா? (ஈரோடு)

பழையது. ஓட்டின் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாவதால் மிதக்கிறது. அமிழ்ந்த முட்டையில் சால்மோனெல்லா இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள், மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேக வையுங்கள்.

குழந்தைக்கான பால் பவுடர், தேதி முடிந்து ஒரு வாரம். விலையோ கொள்ளை. (ஓசூர்)

வேண்டாம். சத்தின் அளவுக்கு அந்தத் தேதி வரைதான் உத்தரவாதம், குழந்தைக்கோ அதுதான் முழு உணவு. மற்றப் பொருள்களின் தேதியை நிறுவனங்களிடமே விட்டுவிட்ட அமெரிக்க மத்திய அரசுகூட இதற்கு மட்டும் தேதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

கடையில் பழைய தேதியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கேட்டால் "கம்பெனியிலேயே அப்படித்தான் வந்தது" என்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகர்)

நகத்தால் ஸ்டிக்கரைக் கிளப்பிப் பாருங்கள். அடியில் வேறு தேதி இருந்தால் வாக்குவாதம் வேண்டாம். பில், பாக்கெட், ஸ்டிக்கர் மூன்றும் தெரியப் படம் எடுத்து உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலோ புகார் கொடுங்கள். பாக்கெட்டைத் திறக்காமல் வைத்திருங்கள், சோதனைக்கு உதவும்.

தேதி நெருங்கியதால் பாதி விலைக்குப் போடுவது தப்பில்லை, அன்றே தீர்ப்பதாக இருந்தால் வாங்குங்கள். தட்டில் அடுக்கி விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிவரை நன்றாயிருக்கும் என்று கடையில் எழுதிவைக்க வேண்டும், 2020 அக்டோபர் 1 முதல் அது விதி. தீபாவளிக் கூட்டத்தில் அந்த அட்டை காணாமல் போயிருந்தால், பால்கோவாவையும் ரசகுல்லாவையும் விட்டுவிட்டு மைசூர்பாகை வாங்கிக்கொண்டு வாருங்கள்.