கேளுங்கள், சொல்கிறேன்: சேர்ச் கமிற்றியும் வீட்டுத் திறப்பும்

கேள்வி: அக்கா, நீங்கள் வெள்ளி விரதம் பிடிக்கிற சைவக்காரி. பிறகு ஏன் சேர்ச் கமிற்றியில் இருந்துகொண்டு அகதிக் குடும்பங்களை அழைக்கிறீர்கள்? கடைசியில் மதம் மாற்றத்தானே அவர்கள் இவ்வளவும் செய்கிறார்கள்?
– வாசகர், மார்க்கம்

பதில்: தம்பி, கோயில் வாசலில் வைத்தும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1987 பெப்ரவரியில் கனடா எல்லை விதியை மாற்றியது. அமெரிக்கா வழியாக வந்து அகதிக் கோரிக்கை வைப்பவர்களுக்கு விசாரணைத் தேதியைக் கொடுத்து, அதுவரை அமெரிக்கப் பக்கமே நில் என்று திருப்பி அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தது அடுத்த மாதம். வயது இருபத்துநான்கு, தோளில் ஒரு பை, காலில் செருப்பு. அமெரிக்கப் பக்கத்து எல்லை நகரமான பஃபலோ முழுக்கப் பனி. ஒரு சேர்ச்சின் நிலக்கீழ் மண்டபத்தில் மடக்குக் கட்டில் போட்டு எங்களைப் படுக்கவிட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. தந்த பாணுக்குள் ஏதோ இறைச்சி இருந்தது. நான் தொடவில்லை. வயதான கன்னியாஸ்திரி ஒருவர் கட்டில் ஓரத்தில் வந்து இருந்து, "உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். சோறு என்றேன், பருப்பு என்றேன். அதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அடுத்த நாள் அவர் அரிசியும் பருப்பும் வாங்கிவந்து, சமையலறைத் திறப்பையும் என் கையில் வைத்தார். பதினெட்டு நாள் அந்த மண்டபத்துக்கு மதியச் சாப்பாடு சமைத்தது நான்தான். மேலே செபம் நடக்கும்; வா என்று ஒருநாளும் அவர் கூப்பிடவில்லை.

மதமாற்ற எண்ணம் எங்குமே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். 2016இல் எங்கள் ஸ்காபரோ கமிற்றி ஒரு சிரியக் குடும்பத்தை வரவேற்கத் தயாரானபோது, பரிசுப் பையில் ஒரு பைபிளும் வைப்போம் என்றார் ஒருவர். அன்றைய கூட்டம் இரவு பத்தரை வரை போனது. வாடகையும் சாப்பாடும் எங்கள் கையில் இருக்கும்போது நாங்கள் நீட்டுகிற எதையும் அவர்களால் மறுக்க முடியாது, ஆகவே வைக்கக்கூடாது என்று போதகரே முடித்துவைத்தார். அதைக் கமிற்றி விதியாகவும் எழுதிக்கொண்டோம். நீங்கள் எந்தச் சேர்ச்சோடு சேர்ந்து வேலை செய்தாலும் அப்படியொரு விதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தனியார் குழுக்கள் அகதிகளைப் பொறுப்பெடுக்க இடம் தரும் சட்டம் 1978இல் நடைமுறைக்கு வந்தது. 1979 மார்ச்சில் அரசோடு முதல் ஒப்பந்தம் போட்டது மெனோனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மத்திய குழு. கத்தோலிக்க மறைமாவட்டங்களும் அங்கிலிக்கன், ஐக்கிய, லூத்தரன் திருச்சபைகளும் பின்னால் வந்தன. மெனோனைற் சனங்களுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? 1920களில் அவர்களே ரஷ்யப் புரட்சிக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தவர்கள், ஏறக்குறைய 20,000 பேர். கனடிய பசிபிக் ரயில்வே கடனுக்கு ஏற்றிவந்தது. அந்தப் பயணக் கடனைச் சமூகமாகச் சேர்ந்து 1946இல்தான் அடைத்து முடித்தார்கள். வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி வந்த அகதிகளைப் பார்த்தபோது அவர்களுக்குத் தங்கள் தாத்தா பாட்டி ஞாபகம் வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். எனக்கு அந்த மண்டபம் ஞாபகம் வருவதுபோல.

கேள்வி: அன்ரி, தமிழர்கள் படகில் வந்து இறங்கியது சன் சீ கப்பலில்தான் முதல்முறையா?
– மாணவி, ஸ்காபரோ

பதில்: இல்லை மகள். சன் சீ 492 பேரோடு வந்தது 2010 ஓகஸ்ட். அதற்கு 24 வருடங்களுக்கு முன், 1986 ஓகஸ்ட் 11ஆம் தேதி, நியூபவுண்ட்லாந்தின் சென்ற் ஷொட்ஸ் கரைக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களைக் கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு காப்பாற்றினார். மேற்கு ஜேர்மனியில் ஏற்றிய கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அகதிகளுக்கு உதவியதற்காக ஐ.நா.வின் நான்சன் பதக்கம் கனடா மக்களுக்குக் கிடைத்ததும் அதே 1986இல். அது நாட்டு மக்கள் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது. அரசு மட்டும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. சேர்ச் மண்டபங்களிலும் வீட்டுச் சமையலறைகளிலும் நடந்த வேலை அது.

கேள்வி: மாமாவின் மகள் குடும்பத்தோடு மலேசியாவில் இருக்கிறாள், ஐ.நா. அகதி அட்டை உண்டு. "சேர்ச் மூலம் எடுத்துத் தருகிறேன், 15,000 டொலர் கொண்டுவரச் சொல்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?
– வாசகி, பிரம்ரன்

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள், தங்கச்சி. ஸ்பொன்சர் செய்வதற்கென்று அகதியிடம் காசு வாங்க யாருக்கும் உரிமை இல்லை. ஸ்பொன்சர்தான் பன்னிரண்டு மாதத்துக்கு அவர்களின் வாடகை, சாப்பாடு, உடுப்பு எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைக்கிறார். அந்த மனிதர் சொல்லும் சேர்ச்சுக்கு ஒட்டாவாவோடு, அதாவது மத்திய அரசோடு, ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் உள்ள அமைப்புகளின் பட்டியலைக் குடிவரவு அமைச்சே வெளியிடுகிறது. ஐந்து பேர் சேர்ந்து விண்ணப்பிக்கும் வழியில் புதிய விண்ணப்பம் எடுப்பதை 2024 நவம்பர் 29ஆம் தேதி நிறுத்தினார்கள். ஆகவே அந்த ஆள் "ஐந்து பேர் குழு" என்று சொன்னால் இன்னும் கவனம். பட்டியலில் உள்ள ஒரு மறைமாவட்ட அகதிகள் அலுவலகத்துக்கு நேரே போங்கள். அவர்களுக்கும் வருடத்துக்கு இவ்வளவு பேர் என்ற அளவு உண்டு, காத்திருப்பு வருடக்கணக்கில் இழுபடும். அதை முதலிலேயே மாமாவின் மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சேர்ச் குழுவில் நானும் மனைவியும் ஒரு வருடம் ஒரு குடும்பத்துக்காக ஓடித் திரிந்தோம். வருடம் முடிந்ததும் வேறு நகரத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது ஒரு போன்கூட இல்லை. மனைவி அழுகிறா.
– வாசகர், வாட்டர்லூ

பதில்: அண்ணை, இந்த வேலையில் இருப்பவர்கள் இதைப் பதின்மூன்றாம் மாதம் என்பார்கள். ஸ்பொன்சர் காசு நின்று, குடும்பம் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கும் மாதம். எங்களுக்கும் அது வந்தது. எனக்கும் அழுகை வரும், ஆனால் அந்த வருடம் நாங்கள் செய்தவற்றை இப்போது நினைத்தால் வேறொன்றும் சேர்ந்து வருகிறது.

அலெப்போக் குடும்பம், ஆறு பேர். நாலு வருடம் லெபனானில் இருந்துவிட்டு வந்தார்கள். நாங்கள் 42,000 டொலர் சேர்த்தோம். அதில் நானும் என் சிநேகிதிகளும் மட்டன் றோல்ஸ் பொரித்து விற்ற காசும் இருந்தது. வீடு பார்த்து, தளபாடம் வாங்கி, பிள்ளைகளின் அறைக்குப் பெயின்ற் அடித்து, கரண்டிகளைக்கூட இழுப்பறையில் வகைபிரித்து அடுக்கினோம். அந்தத் தாய் வந்த மறுநாளே சமையலறை முழுவதையும் மாற்றி வைத்தா. எங்களில் சிலருக்கு முகம் சுருங்கியது. உறைபெட்டி நிறைய நாங்கள் வைத்த கோழியை அவர்கள் தொடவில்லை. ஹலாலா என்று தெரியாது. லோறன்ஸ் வீதிக் கடைக்கு நான் அவவைக் கூட்டிக்கொண்டு போகும்வரை ஒரு கிழமை முட்டையும் சோறுமாகவே சாப்பிட்டிருக்கிறார்கள். பஃபலோவில் என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வியை நான் அவவிடம் கேட்க மறந்துபோனேன்.

எங்கள் கமிற்றிப் பெண் ஒருவரிடம் அந்த வீட்டு மாற்றுத் திறப்பு இருந்தது. நல்ல மனுசி. மரக்கறி வாங்கிவந்து, கதவைத் தட்டாமல் உள்ளே வைத்துவிட்டுப் போவா. எட்டாம் மாதம் அந்தத் தாய் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டிவந்து, திறப்பைத் திருப்பித் தரும்படி கேட்டா. கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பஃபலோவில் கிடைத்த சமையலறைத் திறப்பு நினைவில் வந்தது. ஒருவர் எனக்குக் கொடுத்ததை நாங்கள் இவவுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தோமே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வருடம் முடிய அவர்கள் மிசிசாகாவுக்குப் போனார்கள். ஐந்து மாதம் பேச்சில்லை. நானே எடுத்தேன். சுகம் விசாரிக்க எடுத்தால் கணக்குக் கேட்பதுபோல் இருக்கும் என்று பயந்து, எரித்திரியாக் குடும்பம் ஒன்று வரப்போகிறது, நீங்கள் கமிற்றிக்கு வந்து எங்களுக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். வந்தா. இரண்டு பஸ் மாறி வந்து, முதல் கூட்டத்திலேயே மூன்று விஷயம் சொன்னா: சமையலறை இழுப்பறைகளை வெறுமையாக விடுங்கள், சாமான் வாங்கும் காசைத் தாயின் கையில் கொடுங்கள். மாற்றுத் திறப்பும் அவர்களிடமே இருக்கட்டும்.

உங்கள் மனைவியை இந்தக் கிழமையே ஒரு போன் எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாய் சமைத்த ஏதாவது ஒன்று அவவுக்கு நினைவிருக்கும். அதை எப்படிச் செய்வது என்று கேட்கட்டும்.